விலை வீழ்ச்சிக்குப் பிணை நின்றவர்கள்

பம்பாய் நகரத்துக் கடைவீதிகளில் நெடுங்காலம் வழங்கி வந்த இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘தேஜீ’, மற்றொன்று ‘மந்தீ’. தேஜீ என்றால் விலையேற்றம். மந்தீ என்றால் விலையிறக்கம். பிழைப்புத் தேடி அந்நகரம் சென்ற தமிழர் ஒருவர், காளபாதேவி வீதியில் ‘மந்தீ, மந்தீ’ என்ற கூச்சலை முதன்முறையாகக் கேட்டிருந்தால், குரங்கு எந்தக் கூரைமேல் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்திருக்கக்கூடும். உண்மையில் அந்த மந்தீ, நம் மரத்து மந்தியைக் காட்டிலும் குறும்பு மிக்கது. மடியில் அமர்ந்து விளையாடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மடிச்சீலையோடு பறித்துக்கொண்டு கிளைக்குத் தாவிவிடும்.

இவ்விரு சொற்களும் விலையின் போக்கைக் குறித்ததோடு, இருவகை ஒப்பந்தங்களுக்கும் பெயராயின. ஒரு சரக்கையோ பங்கையோ இன்ன தவணைக்குள் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை தேஜீ. இன்ன விலைக்கு விற்றுவிடும் உரிமை மந்தீ. இன்று பங்குச் சந்தையில் ‘கால் ஆப்ஷன்’, ‘புட் ஆப்ஷன்’ என்று வழங்குகிறார்களே, அவைதாம் இவை. உரிமையை வாங்குகிறவர் அதற்காக ஒரு சிறு தொகை கொடுப்பார். அதற்குப் பிரிமியம் என்று பெயர். தொகை கொடுத்தவரைக் கடைவீதியார் ‘வைப்பவர்’ என்றார்கள். தொகையைப் பெற்றுக்கொண்டு பொறுப்பைத் தலைமேல் ஏற்பவரை ‘உண்பவர்’ என்னும் பொருள்படும் ‘கானேவாலா’ என்ற சொல்லால் அழைத்தார்கள். பிரிமியத்தை உண்டவர் என்பது கருத்து. மந்தீ உண்டவர்களின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

முதலில் இவ்வொப்பந்தத்தின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வது நலம். ஒரு கம்பெனியின் பங்கு 500 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பங்கை வைத்திருக்கும் ஒருவருக்கு விலை சரிந்துவிடுமோ என்ற அச்சம். அவரிடம் நாம், “ஒரு மாதத்துக்குள் விலை எவ்வளவு வீழ்ந்தாலும் பங்கை 480 ரூபாய்க்கு நாம் வாங்கிக்கொள்கிறோம், அதற்காகப் பங்குக்கு 8 ரூபாய் கொடுங்கள்” என்கிறோம். அவர் கொடுத்துவிடுகிறார். விலை 480க்கு மேலேயே நின்றால் அவர் நம்மைத் தேடி வரமாட்டார். 8 ரூபாய் நமக்கு முழு இலாபம். விலை 480க்குக் கீழே போனால் அவர் வருவார்; நாம் வாங்கியே தீரவேண்டும். நமக்குக் கிட்டக்கூடிய மிகப்பெரிய இலாபம் 8 ரூபாய். நமக்கு நேரக்கூடிய மிகப்பெரிய நஷ்டம், அப்பங்கு காசு பெறாமற் போனால், 472 ரூபாய்.

இதைக் கேட்டவுடன், இப்படியொரு பொறுப்பை ஏற்பவர் பித்தரோ என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான மாதங்களில் விலை அவ்வளவு வீழ்வதில்லை. ஆகவே உண்பவருக்கு மாதந்தோறும் வருமானம் வருகிறது. சம்பளம் போல், வீட்டு வாடகை போல் வருகிறது. அந்தச் சீரான வரவுதான் இத்தொழிலின் கவர்ச்சி. அதுவே இதன் ஆபத்துமாகும்.

தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதே தொழிலைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். சிறு பிரிமியம் பலரிடம் வாங்கிப் பெருநஷ்டம் சிலருக்குக் கொடுப்பது அதன் வழி. மதுரையில் ஒரு வீடு எரிந்தால் நாகபுரியில் இருக்கும் வீடு எரிவதில்லை. விலை வீழ்ச்சியின் இயல்பு அப்படிப்பட்டதன்று. அது ஒரே தெருவில் நெருக்கமாக நிற்கும் கூரை வீடுகளில் கோடைக்காற்றின்போது பற்றும் தீயைப் போன்றது. ஒரு பங்கு விழும் நாளில் மற்றப் பங்குகளும் உடன் விழுகின்றன. அந்தத் தெரு முழுவதற்கும் ஒருவரே பிணை நின்றிருந்தால் அவர் கதி என்ன? வரலாறு இக்கேள்விக்குப் பலமுறை விடை சொல்லியிருக்கிறது.

இவ்வொப்பந்தங்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதல் நூல், ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில் 1688ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜோசப் தெ லா வேகா என்பவர் ஸ்பானிய மொழியில் அதை எழுதினார். ஒரு தத்துவ ஞானி, ஒரு வணிகர், ஒரு பங்குக்காரர் ஆகிய மூவர் உரையாடும் முறையில் அமைந்த நூல் அது. அவர்கள் பேசிய பங்கு, 1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்கு. நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டிருந்த அதே கம்பெனிதான். சோழமண்டலக் கரையின் துணிகளும் கீழ்த்திசைத் தீவுகளின் வாசனைப் பொருள்களும் ஏற்றிய கப்பல்கள் கரை சேர்ந்தனவா, கடலில் மூழ்கினவா என்ற செய்தியைப் பொறுத்து அப்பங்கின் விலை ஏறி இறங்கியது. கப்பல் வருமுன்னே விலையிறக்கத்துக்கு ஈடு தேடியவர்கள் பிரிமியம் கொடுத்தார்கள். கப்பல் வந்தே தீரும் என்று நம்பியவர்கள் அதை உண்டார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் இத்தொழிலின் சாரம் அணுவளவும் மாறவில்லை.

இங்கிலாந்தில் 1720ஆம் ஆண்டில் தென்கடல் கம்பெனியின் பங்குகள் உச்சிக்கு ஏறிச் சரிந்து, எண்ணற்ற குடும்பங்களை அழித்தன. அதன் பின்னர் 1734இல் சர் ஜான் பார்னார்டு என்பவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம், பங்குகளில் இவ்வகை உரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தது. சட்டம் 1860 வரை நின்றது. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. நீதிமன்றத்தில் வழக்காட முடியாதபோதும் வாக்கு நாணயத்தை நம்பி அது நடந்துகொண்டே இருந்தது. சூதை ஒழிக்கச் செய்த சட்டம் சூதாடியை ஒழிக்கவில்லை. ஏமாந்தவருக்கு இருந்த நியாயத்தின் வாயிலை மட்டும் அடைத்தது என்று சொல்லலாம்.

இத்தொழிலை ஒரு பெருந்தொழிலாக நடத்திக் காட்டியவர், அமெரிக்க நாட்டு ரஸல் ஸேஜ் என்பவர். 1816இல் பிறந்த இவர், மளிகைக் கடையில் எடுபிடிப் பையனாகத் தொடங்கி, மொத்த வியாபாரியாக உயர்ந்து, 1853 முதல் 1857 வரை அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராகவும் இருந்தார். பின்னர் நியூயார்க் நகரத்து வால் ஸ்ட்ரீட்டில் கடை விரித்தார். வாங்கும் உரிமையையும் விற்கும் உரிமையையும் கேட்டவர்க்கெல்லாம் எழுதிக் கொடுத்துப் பிரிமியம் வாங்கிக்கொண்டார். சிக்கனத்துக்குப் பேர் போனவர்; கையில் எப்போதும் ரொக்கம் வைத்திருப்பவர். அவர் எழுதிய சீட்டு வங்கிச் சீட்டுக்கு நிகராக மதிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு பிரிமியம் குவிந்தது.

1884ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், கிராண்ட் அண்டு வார்டு என்ற தரகுக் கம்பெனி முறிந்தது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதியான கிராண்ட் அக்கம்பெனியில் கூட்டாளி. அதனோடு தொடர்புடைய வங்கியும் அன்றே கதவடைத்தது. பீதி பரவியது, பங்குகளின் விலை சரிந்தது. ஸேஜ் பல காலமாக எழுதிக் கொடுத்த சீட்டுகள் யாவும் ஒரே வாரத்தில் அவர் வாயிலுக்குத் திரும்பி வந்தன. “இந்தப் பங்குகளைப் பேசிய விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கூட்டம் நின்றது. பட்டுவாடா தாமதமாயிற்று. ஸேஜ் கைவிரித்துவிடுவார் என்ற பேச்சு எழுந்தது. முடிவில் அவர் கொடுத்தார். நஷ்டம் பல இலட்சம் டாலர்.

அந்தக் கூட்டத்தைத் தாங்கி ஸேஜ் பிழைத்ததற்குக் காரணம் அவருடைய மதிநுட்பம் என்று சொல்ல இயலாது. விலை சரியும் என்பதை அவரும் முன்கூட்டி அறியவில்லை. ஆனால் அவர் கையில் ரொக்கம் இருந்தது. 1906இல் அவர் காலமானபோது மனைவிக்கு ஆறு கோடி டாலருக்கு மேல் விட்டுச் சென்றார். அவ்வம்மையார் 1907இல் அதிலிருந்து ஒரு கோடி டாலரை ஒதுக்கி நிறுவிய சமூக ஆராய்ச்சி நிலையம் இன்றும் ஸேஜ் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரொக்கமில்லாத ஒருவர் அதே சீட்டுகளை எழுதியிருந்தால், 1884ஆம் ஆண்டு மே மாதத்தோடு அவர் பெயர் மறைந்திருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பம்பாயில் தரகர்கள் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் கூடியதும், 1875இல் சங்கம் அமைத்ததும், அவர்கள் குடியேறிய தெரு தலால் வீதி ஆனதும் பலரும் அறிந்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பம்பாய்ப் பருத்திக்கு வந்த பெருவிலை, பங்குகளில் பேராசையை மூட்டியது. போர் முடிந்தது, பருத்தி விலை வீழ்ந்தது, 1865ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, தவணை ஒப்பந்தங்களின் கணக்குத் தீர்க்கும் நாளில், நகரமே கணக்குத் தீர்க்க முடியாமல் நின்றது. கையில் பொருளின்றிக் கொடுத்த வாக்கு எங்கே கொண்டுபோய்விடும் என்பதைப் பம்பாய் அன்றே கண்டுகொண்டது.

ஆயினும் பருத்தியிலும் பொன் வெள்ளியிலும் பங்குகளிலும் தேஜீ மந்தீ வியாபாரம் தழைத்தே வந்தது. பிரிமியம் சிறு தொகை. ஆகவே பெரிய வணிகர்கள் மட்டுமின்றிக் குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் அதில் கைவைக்க முடிந்தது. இதைக் கண்ட பம்பாய் மாகாண அரசு 1939இல் பருத்தியில் ஆப்ஷன் வியாபாரத்தைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் முன்பேர ஒப்பந்தச் சட்டம் சரக்குகளில் இவ்வியாபாரத்தை நாடெங்கும் தடுத்தது. 1956ஆம் ஆண்டின் பங்குப் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம், தன் 20ஆம் பிரிவால், பங்குகளிலும் அதைத் தடுத்தது. 1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பங்குகளின் முன்பேர வியாபாரமும் நிறுத்தப்பட்டது. இலண்டனில் கண்டது இங்கும் நிகழ்ந்தது. சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடங்களில் தேஜீ மந்தீ தொடர்ந்தது.

இவ்வாறு இந்தியா கதவை அடைத்திருந்த காலத்தில் அமெரிக்கா அதைத் திறந்தது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், சிக்காகோ நகரில் ஆப்ஷன்களுக்கென்றே ஒரு சந்தை தோன்றியது. 16 கம்பெனிப் பங்குகளில், வாங்கும் உரிமை மட்டுமே முதலில் விற்கப்பட்டது. விற்கும் உரிமை, அதாவது நம் மந்தீ, 1977இல்தான் அங்கு அனுமதிக்கப்பட்டது. அதே 1973இல் பிளாக், ஷோல்ஸ் என்ற இரு அறிஞர்கள் ஆப்ஷனுக்கு நியாய விலை காணும் கணக்கு முறையை வெளியிட்டார்கள். இனி ஊகத்துக்கு இடமில்லை. எல்லாம் கணிதம் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்நம்பிக்கை பதினான்கே ஆண்டு நீடித்தது. 1987ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் திங்கட்கிழமை, டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் வீழ்ந்தது. இவ்வளவு பெரிய வீழ்ச்சி ஒரே நாளில் நேராது என்று கருதி மலிவாக மந்தீ விற்றவர்கள், பல ஆண்டு உண்டதை ஒரு பகற்பொழுதில் கக்கினார்கள். அன்று கற்ற பாடத்தைச் சந்தை மறக்கவில்லை. பெருவீழ்ச்சிக்கு ஈடாக வாங்கும் உரிமைகளுக்கு அதன் பின்னர்க் கணிதம் சொல்வதைவிடக் கூடுதலான பிரிமியமே நிலைத்துவிட்டது.

ஆனால் சந்தை கற்றதை மனிதர் ஒவ்வொருவரும் தாமே கற்கவேண்டியிருக்கிறது. 1762இல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் வேலை பார்த்தார். தாம் அடைந்த நஷ்டத்தை இரகசியக் கணக்கொன்றில் மறைத்துவைத்தார். அந்த ஓட்டையை அடைக்க ரொக்கம் தேவைப்பட்டது. ஜப்பான் நாட்டு நிக்கெய் குறியீட்டெண்ணின்மீது வாங்கும் உரிமை, விற்கும் உரிமை இரண்டையும் விற்றுப் பிரிமியம் திரட்டினார். விலை அசையாமல் இருந்தால் இரு பக்கமும் இலாபம். 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் கோபே நகரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. பூமி அசைந்ததும் விலையும் அசைந்தது. வீழ்ந்த விலையைத் தூக்கி நிறுத்தலாம் என்று எண்ணி அவர் மேலும் மேலும் முன்பேர ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்தார். பிப்ரவரி மாத முடிவில் 233 ஆண்டு வயதுடைய அவ்வங்கி முறிந்தது. நஷ்டம் 82 கோடிப் பவுனுக்கு மேல். டச்சு நிறுவனம் ஒன்று அவ்வங்கியை ஒரே ஒரு பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டது.

இதைக் குற்றவாளி ஒருவரின் கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அடுத்த நிகழ்ச்சியில் குற்றமேதும் இல்லை. விக்டர் நீடர்ஹாஃபர் அமெரிக்காவில் பெயர் பெற்ற முதலீட்டு நிபுணர். அமெரிக்கப் பங்குக் குறியீட்டெண்ணின்மீது ஏராளமாக மந்தீ விற்றிருந்தார். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், கீழ்த்திசை நாடுகளில் மூண்ட நிதி நெருக்கடியின் அலை நியூயார்க்கை எட்டியது. டவ் ஜோன்ஸ் 554 புள்ளிகள், ஏறத்தாழ 7.2 சதவீதம், விழுந்தது. நீடர்ஹாஃபரின் நிதி ஒரே நாளில் அழிந்தது. மறுநாளே சந்தை 337 புள்ளிகள் ஏறியது. ஆனால் அந்த ஏற்றத்தைக் காண அவரிடம் ஒப்பந்தங்கள் இல்லை. ஈட்டுப்பணம் கட்ட வழியில்லாமல் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இவ்விடத்தில் நின்று சிந்திக்கவேண்டும். ‘சந்தை மீளும்’ என்ற அவர் கணிப்பு பொய்யாகவில்லை. மீளும் வரை காத்திருக்கும் ஆற்றலே அவரிடம் இல்லை. மந்தீ விற்றவர் தவணை நாள் வரை நிம்மதியாக இருக்க முடியாது. விலை சரியச் சரியத் தரகர் மார்ஜின் பணம் கேட்பார். கொடுக்க முடியாவிட்டால், அன்றைய விலைக்கே கணக்கை முடித்துவிடுவார். ஆகவே இத்தொழிலில் ஒருவரைக் கவிழ்ப்பது விலையின் முடிவு மட்டுமன்று. இடைவழியில் நேரும் பள்ளமே பலரைக் கவிழ்க்கிறது.

இதே தொழிலை நேர்மாறான முறையில் செய்தவர் வாரன் பஃபெட். அவருடைய பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனம் 2004 முதல் 2008 வரையான ஆண்டுகளில், அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களின் நான்கு குறியீட்டெண்கள்மீது மந்தீ விற்றது. ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு சுமார் 3,700 கோடி டாலர். பெற்ற பிரிமியம் 490 கோடி டாலர். 2008இல் உலகச் சந்தைகள் சரிந்தன. அவ்வாண்டு இறுதிக் கணக்கில் இவ்வொப்பந்தங்களின் பொறுப்பு 1,000 கோடி டாலராக எழுதப்பட்டது. ஏட்டளவில் 510 கோடி டாலர் நஷ்டம். ஆனால் பஃபெட் அசையவில்லை. ஒப்பந்தங்களின் தவணை 2019 முதல் 2028 வரை. அதற்கு முன் எவரும் உரிமையைச் செலுத்த முடியாது. இடைக்காலத்தில் பெருமளவு ஈட்டுப்பணம் கட்டவேண்டாம் என்றும் அவர் முன்பே பேசி வைத்திருந்தார். பிரிமியமாக வந்த பணமும் அவர் கையிலேயே இருந்து வேறு முதலீடுகளில் உழைத்தது. சந்தைகள் மீண்டன; பொறுப்பும் கரைந்தது.

நீடர்ஹாஃபருக்கும் பஃபெட்டுக்கும் அறிவில் வேறுபாடு கற்பிக்கவேண்டியதில்லை. ஒருவர் தாம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வாக்குக் கொடுத்தார். மற்றவர் தம் கையிருப்பையும் காலத்தையும் அளந்து கொடுத்தார். வீழ்ச்சி இருவருக்கும் வந்தது. ஒருவரை அது வீட்டை விட்டு வெளியேற்றியது. மற்றவர் வீட்டுத் திண்ணையில் சற்றே அமர்ந்துவிட்டு எழுந்து போயிற்று.

முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு வேறொரு சான்றும் உள்ளது. மாதந்தோறும் குறியீட்டெண்ணின்மீது மந்தீ விற்று, அதற்கு வேண்டிய முழுத்தொகையையும் அரசுக் கடன் பத்திரங்களில் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதைச் சிக்காகோ ஆப்ஷன் சந்தை ஒரு தனிக் குறியீட்டெண்ணாகக் கணக்கிட்டு வருகிறது. 1986ஆம் ஆண்டின் இடைப்பகுதியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தபோது, பங்குகளுக்கு ஏறக்குறையச் சமமான வருவாய், அவற்றைவிடக் குறைந்த ஏற்ற இறக்கத்தோடு கிடைத்திருந்தது. ஆனால் 2009க்குப் பின் பங்குகள் இடையறாது ஏறிய காலத்தில் இம்முறை பின்தங்கிற்று. ஏனெனில் விலை எவ்வளவு ஏறினாலும் உண்பவருக்குப் பிரிமியத்துக்கு மேல் ஒரு காசும் கிடையாது.

இந்தியாவில் 1995இல் ஆப்ஷன் தடை நீக்கப்பட்டது. எல். சி. குப்தா குழு 1998இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1999 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 2000 ஜூன் மாதத்தில் குறியீட்டெண் முன்பேரம், 2001 ஜூன் மாதத்தில் குறியீட்டெண் ஆப்ஷன், அவ்வாண்டு ஜூலையில் தனிப்பங்கு ஆப்ஷன் என ஒவ்வொன்றாக வந்தன. தலால் வீதியின் கூச்சல் அடங்கி, வியாபாரம் கணிப்பொறிக்கும் பின்னர்க் கைபேசிக்கும் போய்விட்டது. மாதத் தவணைகள் வாரத் தவணைகளாயின. மந்தீ உண்ண இன்று காளபாதேவிக்குப் போகவேண்டாம். மாதுங்காவிலிருந்தோ டில்லிக் கரோல்பாகிலிருந்தோ மின்ரயிலில் நின்றபடியே உண்ணலாம்.

கொள்ளைநோய்க் காலத்தில் 2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நிஃப்டி குறியீட்டெண் ஏறத்தாழ 13 சதவீதம் வீழ்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி அது மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணியபோது ஏறத்தாழ 6 சதவீதம் இறங்கியது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் முன்பேரத்திலும் ஆப்ஷனிலும் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்றும், அவர்கள் எல்லாரும் சேர்ந்து இழந்தது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் கூறுகிறது. இதில் உரிமையை வாங்கியவரும் உண்டு, விற்றவரும் உண்டு. இதன் பின்னர் வாரத் தவணைகள் குறைக்கப்பட்டன; ஒப்பந்தத்தின் குறைந்த அளவு உயர்த்தப்பட்டது.

இவ்வரலாற்றின் பாடத்தை நம் பழைய எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்ப்போம். வெளியூரில் வேலை பார்க்கும் இருவர். ஒவ்வொருவரிடமும் 48,000 ரூபாய் சேமிப்பு. பங்கு பதினொரு மாதம் 500 ரூபாயை ஒட்டியே நிற்கிறது. பன்னிரண்டாம் மாதம் 360க்கு வீழ்கிறது. மந்தீ விலை 480. மாதப் பிரிமியம் பங்குக்கு 8 ரூபாய். வரியையும் தரகையும் விட்டுவிடுவோம்.

முதலாமவர் 100 பங்குகளுக்கு மட்டும் மந்தீ விற்றார். மாதம் 800 ரூபாய். ஆண்டுக்கு 9,600 ரூபாய். வீழ்ச்சியன்று தம் 48,000 ரூபாயைக் கொடுத்து 100 பங்குகளைப் பெற்றுக்கொண்டார். பிரிமியத்தைக் கழித்துப் பார்த்தால் பங்கு ஒன்று அவருக்கு 384 ரூபாய்க்குக் கிடைத்தது. சந்தை விலை 360. நஷ்டம் பங்குக்கு 24 ரூபாய்தான். தொடக்கத்திலேயே 500க்கு வாங்கியிருந்தால் 140 ரூபாய் நஷ்டம். அவருக்குக் கடனில்லை, பங்கு கையில் இருக்கிறது, கம்பெனி நல்லதானால் காத்திருப்பார்.

இரண்டாமவர் அதே 48,000 ரூபாயை மார்ஜினாகக் கட்டி 500 பங்குகளுக்கு மந்தீ விற்றார். மாதம் 4,000 ரூபாய். பதினொரு மாதம் அண்டை வீட்டாரின் பார்வையில் அவரே கெட்டிக்காரர். வந்த பணத்தையெல்லாம் மாதாமாதம் ஊருக்கு அனுப்பினார். வீழ்ச்சியன்று பங்குக்கு 120 ரூபாய் வீதம் 60,000 ரூபாய் நஷ்டம். சேமிப்பு முழுவதும் போய், 12,000 ரூபாய் கடனும் ஏற்பட்டது. ஒப்பந்தம் ஒன்றே, பங்கு ஒன்றே, வீழ்ச்சியும் ஒன்றே. ஒருவர் பங்குதாரரானார், மற்றவர் கடனாளியானார்.

ஆதலின் மந்தீ விற்பது சூது என்றோ, நல்ல தொழில் என்றோ ஒரே சொல்லில் முடிவு கட்டுவது முறையன்று. வாங்கத் தகுந்த பங்கை, வாங்கத் தகுந்த விலையில், அதற்கு வேண்டிய முழுப்பணமும் கையில் இருக்க, வாங்க மனமுவந்து பிணை நிற்பவருக்கு அது காத்திருப்பதற்குக் கிடைக்கும் கூலி. இக்காலத்தில் தனிப்பங்கு ஆப்ஷன்கள் பங்கைக் கொடுத்து வாங்கியே தீர்க்கப்பட வேண்டும் என்பது 2019 முதல் முழுமையாக நடைமுறையில் இருப்பதால், இவ்விதி இன்னும் பொருத்தமாகிறது. இல்லாத பணத்தைக் காட்டி வாக்குக் கொடுப்பவருக்கோ, அப்பிரிமியம் வருமானமே அன்று. தவணை குறிக்கப்படாத கடன்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர் பலருக்குச் சேமிப்பு என்பது வெறும் தொகையன்று. அது ஊரில் பாதி எழும்பி நிற்கும் வீடு, தங்கையின் திருமணம், முதிய பெற்றோரின் மருந்துச் செலவு. பெருநகரத்தில் உறவினர் துணையின்றி நிற்பவருக்கு, இடர் வந்தால் கைமாற்றுக் கொடுக்க அண்டை வீடும் அரிது. அத்தகையவரிடம் மாதந்தோறும் நிச்சய வரவு என்று எவரேனும் இத்தொழிலைப் புகழ்ந்துரைத்தால், ‘எத்தனை மாதம் வந்தது’ என்று கேட்பதற்கு முன், ‘வாராத மாதத்தில் பங்கை வாங்கிக்கொள்ளப் பணம் எங்கே இருக்கிறது’ என்று கேட்கவேண்டும். ஆம்ஸ்டர்டாம் வணிகர் முதல் ரஸல் ஸேஜ் வரை, பேரிங்ஸ் வங்கி முதல் தலால் வீதி வரை, வாழ்ந்தவரையும் வீழ்ந்தவரையும் பிரித்தது அந்த ஒரு கேள்விக்கு அவர்கள் வைத்திருந்த விடைதான்.